இடத்தொடைக் குறி

அத்தியாயம் பதினொன்று

போயா தினமாகையால் ஏறாவூரின் இறைச்சிக் கடைகள் யாவும் பூட்டிக் கிடந்தன. பௌர்ணமி நாளில் மாடறுப்பதும் இறைச்சி விற்பதும் தடைசெய்யப்பட்டவை. ஆதலால் முந்தைய நாள் மாலை லொறியிலிருந்து இறக்கப்பட்ட அந்த இளங்காளை, அந்த நாம்பன், தான் அறியாமலே ஒரு நாளை மேலதிகமாகப் பெற்றிருந்தது.

அந்த நாம்பனை வாசகர் மறந்திருக்கமாட்டார். அதன் உடலிற் காய்ந்திருந்த சேற்றை ஹில்மி கழுவியபோது, இடத்தொடையில் ஒரு குறி வெளிப்பட்டது. பிறைபோல் வளைந்த கோடு. அதன் கீழே இரண்டு குறுக்குக் கோடுகள். அவற்றுள் இரண்டாவது நடுவில் அறுந்திருந்தது.

அது ஹில்மியின் தந்தை அசனாரின் குறி. போர்க்காலத்தில், மாடு பார்க்கத் தமிழர் ஊரான கிரானுக்குச் சென்ற அசனார் திரும்பாமற்போய் முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஹில்மி அதற்குப் பின் நான்காம் மாதத்திற் பிறந்தவன். நாம்பனுக்கோ நான்கு வயதுக்கு மேல் இராது.

காணாமற்போன ஒருவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்த கன்றுக்கு எவ்வாறு குறி சுட்டார்? இக்கேள்வி அன்றிரவு அவ்வீட்டில் எவரையும் உறங்கவிடவில்லை.

காலை எட்டு மணியளவில் ஸகியா கடையின் பின்வளவுக்கு வந்தார். அசனாரின் மனைவியான அவருக்கு வயது ஐம்பத்தாறு. நாம்பன் அவரைக் கண்டு மிரளவில்லை. தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு அசையாது நின்றது. அவர் அதன் தொடையிற் கைவைத்து, அறுந்த கோட்டின் இரு முனைகளுக்கும் இடையிலிருந்த மயிரை விரலால் விலக்கினார்.

“கிட்டப் போகாதீங்க மதினி. பழக்கமில்லாத மாடு,” என்றார் சாலிஹ். அவர் அசனாரின் தம்பி. அண்ணன் போனபின் கடையையும் அந்தக் குடும்பத்தையும் தாங்கி நிற்பவர்.

“அவர்ர குறிதான் மச்சான்.”

“குறி எண்டா ஒண்டப்போல ஒண்டு இரிக்கும். ஆரும் இதே மாதிரிச் சூட்டுக் கம்பி அடிச்சிருப்பான்.”

“ஒடஞ்ச இடத்தையும் பாத்தா அடிச்ச?”

சாலிஹ் நாம்பனின் கயிற்றைப் பற்றினார்.

“கம்பி வெடிச்ச அண்டைக்கி நான் பக்கத்துல நிண்டன். புதுசு அடிங்க எண்டு சென்னன். ‘கெடக்கட்டும் புள்ள, ஒடஞ்ச கோடு வேற ஒருத்தன்ட மாட்டுல இரிக்காது’ எண்டார்,” என்றார் ஸகியா.

சாலிஹ் நாம்பனின் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினார். அவர் முகம் சுவரை நோக்கியிருந்தது.

“நான் ஒண்டு செல்றன், கோவிக்காதீங்க. நாளைக்கி சுபஹுத் தொழுதிட்டு இத அறுப்பம். ஒரு துண்டும் விக்கல்ல. முழுக்க ஏழ எளியதுக்குக் குடுத்துட்டு, காக்காட பேர்ல ஒரு கத்தம் ஓதுவம்.”

காக்காவென அவர் குறித்தது தம் அண்ணனை. கத்தம் என்பது இறந்தோருக்காக ஓதப்படுவது. அவ்வீட்டில் அது இதுவரை ஓதப்படவில்லை. அசனார் மறைந்து ஓராண்டானபோது, அயற்பெண்கள் ஸகியாவை இத்தாவில் இருத்துவதற்காக வெள்ளைச் சீலையுடன் வந்தனர். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இருக்கவேண்டிய இருப்பு அது. ஸகியா அச்சீலையை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். “மையித்தக் கொண்டு வாங்க, இரிக்கன்,” என்று கணவரின் உடலைக் கேட்டார். அதன்பின் எவரும் வரவில்லை.

“ஓதினா அவர் மௌத்தாப் போயிடுவார்,” என்றார் ஸகியா இப்போது.

“மதினி…”

“ஆரு இந்தக் குறியச் சுட்ட எண்டு தெரியாம இதுல கத்தி படக்கூடா.”

ஹில்மி வாசற்படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பாசிக்குடாவின் உல்லாச விடுதியொன்றில் அவன் சமையற்காரன். அன்று விடுமுறை எடுத்திருந்தான். நாம்பனுடன் வந்த மாட்டுச் சீட்டை முன்னிரவே தன் தொலைபேசியிற் படமெடுத்திருந்தான்.

“வித்தவன்ட பேரு இரிக்கி சாச்சா. வினாயகமூர்த்தி மதுஷன். கிரான்.”

அந்தப் பெயர் சாலிஹை ஏதோ செய்தது. அருகிலிருந்த வாளியைத் தூக்கியவர் அதை மீண்டும் கீழே வைத்தார். நீர் தளும்பி அவர் பாதத்தில் வழிந்தது.

“கிரானுக்குப் போகவேணா,” என்றார். “ரெண்டு ஊரும் இப்பதான் முகம் பாத்துச் சிரிக்கிது. பழசக் கிண்டிட்டுப் போய் அங்க நிண்டா, அவங்க என்ன நெனைப்பாங்க? நம்மளுக்கு மாடு வேணும், அவங்களுக்கு விக்க வேணும். அதோட உடுங்க.”

“நீங்க வாறீங்களா?” என்று கேட்டார் ஸகியா.

“நான் அந்த ரோட்டால போறல்ல எண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சாலிஹ் தரகர் மூலமே மாடு வாங்கினார். அண்ணனை விழுங்கிய பாதையில் தம்பி கால்வைக்கத் துணியவில்லை என்று ஊரார் அதற்குப் பொருள் கொண்டனர். ஸகியாவும் அவ்வாறே கொண்டிருந்தார்.

*

ஹில்மியின் மோட்டார் சைக்கிள் செங்கலடியைக் கடந்து வடக்கே சென்றது. சித்தாண்டியில் வெயில் ஏறிவிட்டது. தாயாருக்குத் தாகமென்று கண்டு, ஒரு கடை வாசலில் நிறுத்திக் குரும்பை வாங்கிக் கொடுத்தான்.

அவர் இளநீரைக் குடித்துவிட்டு, முன்னுரை ஏதுமின்றி, “ஒங்கட ஹோட்டலுக்கு இறச்சி எங்க இரிந்து வாற?” என்றார்.

இக்கேள்வி அவனை வியப்பில் ஆழ்த்தியது. இறைச்சிக்கடை வீட்டில் வாழ்ந்தும் அவன் தாயார் மாட்டிறைச்சி உண்பதில்லை. நேர்ச்சையன்று, நோயுமன்று. அசனார் மறைந்த வாரத்தில் ஒருநாள் ஒரு துண்டை வாயில் வைத்தார். அது உள்ளே இறங்கவில்லை. மறுவாரமும் இறங்கவில்லை. மகனுக்கு இறைச்சி ஆணம் சமைப்பார், உப்பை நாவில் வைத்துப் பார்ப்பார். தான் மீன்குழம்புடன் எழுந்துவிடுவார். இறைச்சியைப் பற்றி அவர் பேசி ஹில்மி கேட்டதில்லை.

“அவுஸ்திரேலியாவுல இரிந்து உம்மா. சில நேரம் பிரேசில். பெட்டியில ஐஸ்கட்டி மாதிரி வரும்.”

“திங்கிற ஆரு?”

“எல்லா நாட்டானும்தான். வெள்ளக்காரன் ரத்தம் வடிய வடியக் கேப்பான். ஜப்பான்காரன் இறச்சியப் பாக்கமாட்டான், உள்ளுக்க ஓடுற கொழுப்பத்தான் பாப்பான். ஆர்ஜென்டினாவுல இரிந்து ஒரு குடும்பம் வந்த. சாஸ் ஒண்டும் வேணாமாம், உப்பும் நெருப்பும் போதுமாம். இந்தியாவுல இரிந்து வாற ஆக்கள் சட்டி மாத்திச் சமைச்சதா எண்டு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் மரக்கறியத் தொடுவாங்க. நம்மட ஆக்கள் மட்டும் ரெண்டு மணித்தியாலம் அவிச்சுக் குடுத்தாலும், ‘வெந்திச்சா தம்பி’ எண்பாங்க.”

ஸகியா மெல்லச் சிரித்தார். பின்னர், “பெட்டியில குறி இரிக்குமா?” என்று கேட்டார்.

“நம்பர் இரிக்கும். அதப் போனில போட்டுப் பாத்தா எந்தப் பண்ணை, எந்த நாள் அறுத்த எண்டு எல்லாம் காட்டும்.”

“எல்லாம் காட்டுமா?”

“ஓம் உம்மா.”

அவர் வெற்றுக் குரும்பையைக் கையில் வைத்துச் சற்று நேரம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“மாட்டுக்குத்தான் அப்பிடி நம்பர் போட்டு வெச்சிரிக்காங்க,” என்றார். “ஒங்கட வாப்பாக்கு ஆரும் போடல்ல.”

ஹில்மி மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். சந்திவெளி பின்னாற் போயிற்று.

*

கிரானில் மதுஷனின் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாயிருக்கவில்லை. பிரதான வீதியின் மேற்கே, வயல்வெளியின் விளிம்பில், மாடுகளை அடைக்கும் காலையை ஒட்டிக் கட்டப்பட்ட ஓட்டு வீடு அது. வாசலில் உழவு இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த இளைஞன் பர்தா அணிந்த பெண்ணொருவர் இறங்குவதைக் கண்டு குழாயை மூடினான்.

“நாங்க ஏறாவூர்,” என்றான் ஹில்மி. “நேத்து ஒரு செவல நாம்பன் வித்தீங்களே.”

இளைஞன் வாய்திறக்குமுன், உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“நாம்பன் இருக்கா? கேள்ரா முதல்ல, நாம்பன் இருக்கா?”

அறுபத்தைந்து வயதான வினாயகமூர்த்தி, சால்வையைத் தோளிற் போட்டபடி ஏறக்குறைய ஓடிவந்தார். பட்டி வைத்துப் பிழைக்கும் அவர் மாட்டிறைச்சி உண்ணாதவர். ‘அறுப்பு’ என்ற சொல்லையும் உச்சரிக்காதவர். ஆயினும் விற்ற மாடு எங்கே போகுமென்பதை அவர் நன்கறிவார். ‘வளர்க்கத்தான் வாங்குறம்’ என்பார் தரகர். ‘நல்லாப் பாத்துக்கொள்ளுங்க’ என்பார் இவர். இவ்விரு வாக்கியங்களைக்கொண்டே இரண்டு ஊர்கள் நெடுங்காலம் உண்டு வந்தன.

“இரிக்கி,” என்றார் ஸகியா. “இண்டைக்கிப் போயா.”

வினாயகமூர்த்தி கண்களை மூடித் திறந்தார். பின் மகனின் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா. உன்ட புத்தியால இல்ல, போயாவால தப்பியிருக்கு. கத்தார்ல நாலு வருஷம் ஏசி அறைக்குள்ள இருந்தவன், தங்கச்சி, மாட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கு எண்டதையே மறந்துட்டான்.”

“வலப்பக்கம் எங்கட குறி இருந்ததப்பா,” என்றான் மதுஷன் தாழ்ந்த குரலில். “நீங்கதானே எங்கட குறியில ரெண்டு கொடுக்கச் சொன்ன.”

“வலப்பக்கம் பட்டியில உள்ள எல்லாத்துக்கும் இருக்கும். இடப்பக்கம் பாக்கவேணாமா? எத்தின தரம் சொன்னனான்?”

இவ்விடத்தில் வழக்கமொன்றை விளக்குதல் அவசியமாகும். ஊரிலுள்ள ஒருவர் தம் பசுக்களைப் பட்டிக்காரரிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடுவார். பால் பட்டிக்காரருக்கு. பிறக்கும் கன்றுகளில் ஒன்றுவிட்டு ஒன்று உடையவருக்கு. பட்டியின் குறி எல்லா மாடுகளுக்கும் வலத்தொடையில் இடப்படும். உடையவரின் கன்றுகளுக்கு மாத்திரம் இடத்தொடையில் அவர் குறியும் சேரும். வலத்தை மட்டும் பார்த்து விற்றவன் பிறர் பங்கை விற்றவனாவான்.

“நீங்க ஆர் தங்கச்சி?” என்று வினாயகமூர்த்தி கேட்டார்.

“அசனார்ர பொஞ்சாதி.”

வினாயகமூர்த்தி சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார். வீட்டின் பின்புறமிருந்த மனைவியை நோக்கி, “சீதேவிப்பிள்ளை, இஞ்ச வா,” என்றார்.

*

வினாயகமூர்த்தி அவர்களை மாட்டுக்காலைக்கு அழைத்துச் சென்றார். மூன்று கன்றுகள் தாய்மாரிடமிருந்து பிரித்துக் கட்டப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றின் இடத்தொடையில் குறி இன்னும் ஆறவில்லை. பொருக்கு உரியும் நிலையிலிருந்தது. விளிம்பில் எண்ணெயும் மஞ்சளும் பூசப்பட்டிருந்தன. பிறையும், அதன்கீழ் முழுக்கோடும், அறுந்த கோடும் தெளிவாகத் தெரிந்தன.

ஸகியா கைநீட்டினார், தொடவில்லை. கணவரின் கையெழுத்தில் நேற்றெழுதிய கடிதமொன்றைக் கண்டவர்போல் நின்றார்.

“போன மாசம் சுட்டது,” என்றார் வினாயகமூர்த்தி. “அவர் ஏழு பசு விட்டவர். இப்ப அவர்ர பங்கில, அந்த நாம்பனோட, முப்பத்திரண்டு. சண்டைக்குள்ள கனக்கப் போயிட்டு. வெள்ளத்திலயும் போனது. மிஞ்சினதுக்கெல்லாம் நான் ஒண்டுவிட்டு ஒண்டு குறி போட்டு வச்சிருக்கன். ஒண்டும் விக்கல்ல, இவன் இந்தப் பிழை விடுமட்டும்.”

“ஏன் ஒங்கட குறியச் சுடல்ல?” என்று ஹில்மி கேட்டான். “கேக்க ஆரும் இல்லயே.”

“கேக்க ஆள் இல்லாட்டி பங்கு மாறுமா தம்பி?”

ஹில்மி கன்றின் குறியை மீண்டும் பார்த்தான்.

வினாயகமூர்த்தி ஸகியாவை நோக்கினார். “நீங்க உங்கட வாயால ஒரு சொல்லுச் சொல்லுங்க தங்கச்சி. ஆள் இல்ல எண்டா, அவ்வளவையும் ஓட்டிக்கொண்டு வந்து உங்கட வாசல்ல விடுறன். இருக்கார் எண்டா, இன்னும் வளர்ப்பன். எனக்குப் பிறகு இவன் வளர்ப்பான், இடப்பக்கம் பாக்கப் பழகினா.”

மதுஷன் நிலத்தைப் பார்த்தான்.

இத்தனை ஆண்டுகளாக ஊர் கேட்டதும், பள்ளிவாசல் கேட்டதும், அன்று காலை சாலிஹ் கேட்டதும் இதே சொல்லைத்தான். இப்போது முப்பத்திரண்டு மாடுகள் அதனைக் கேட்டன. ஸகியா அச்சொல்லைச் சொல்லவில்லை.

“அந்தக் கம்பியக் காட்டுங்க,” என்றார்.

சீதேவிப்பிள்ளை உள்ளே சென்று, சாக்குத் துணியிற் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். வெண்ணரை படர்ந்த தலையும் மெலிந்த கைகளுமுடைய அவர், விருந்தாளிகள் வந்தது முதல் ஸகியாவின் முகத்தையன்றி வேறெதையும் பார்க்கவில்லை.

சாக்கு அவிழ்க்கப்பட்டது. கரிபடிந்த இரும்பு, பிறையின் வளைவு, வெடித்த கோடு.

“இது எப்பிடி இஞ்ச வந்த?” என்று ஸகியா கேட்டார்.

“அவர்தான் தந்தவர்.”

“எப்ப?”

வினாயகமூர்த்தி மனைவியைப் பார்த்தார்.

“அண்டைக்கிக் காலையில இத அவர்ர பையில வெச்ச நான்,” என்றார் ஸகியா. “என்ட கையால. அவர் கிரானுக்கு வந்து சேரவே இல்ல எண்டுதான் எங்களுக்குச் செய்தி. ரோட்டுல வெச்சே புடிச்சிட்டாங்க எண்டு. ஒங்கட ஊட்டுக்கு வரல்ல எண்டு நீங்க சென்னதாத்தான்…”

“நாங்க அப்பிடிச் சொல்லல்லயே,” என்றார் வினாயகமூர்த்தி. “ஆர் சொன்னது?”

அச்செய்தியைக் கொண்டுவந்தவர் ஒரேயொருவர். அன்று மாலை, வியர்வையில் நனைந்த சட்டையுடன் வாசலில் நின்று, ‘காக்கா அங்க போய்ச் சேரல்லயாம்’ என்று கூறியவர். தான் பகல் முழுவதும் கடையிலேயே இருந்ததாகவும் கூறியவர்.

அப்போது சீதேவிப்பிள்ளை முதன்முறையாகப் பேசினார்.

“வந்தவர் மனே. ரெண்டு பேரும் வந்தவங்க.”

“ரெண்டு பேரா?” என்றான் ஹில்மி.

“அவரும் தம்பிக்காரனும். ஒரு சைக்கிள்ல. நான் குசினிக்குள்ள பாய் போட்டு ரெண்டு பேருக்கும் சோறு வச்சன். பூசணிக்காயும் பயறும். அவர் தயிர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். எங்கட வீட்டுல சாப்பிடுறதெண்டா அவருக்குப் பெரிய சந்தோசம், ‘ஒங்கட மாட்டுப் பால நான் குடிக்கன், என்ட மாட்டுப் பால நீங்க குடிங்க’ எண்டு பகிடி விடுவார். தம்பிக்காரன் சோத்துல கை வைக்கல்ல. ரோட்டையே பாத்துக்கொண்டிருந்தவர்.”

“பொறகு?”

“கன்றுகளுக்குக் குறி போட்டு வைங்க, அடுத்த முறை வந்து கம்பிய எடுக்கிறன் எண்டவர். ரெண்டு பேரும் அந்தச் சைக்கிள்லயே போனவங்க.”

வினாயகமூர்த்தி சால்வையால் முகத்தைத் துடைத்தார். “ரெண்டு பேரும் வீட்ட போய்ச் சேர்ந்திருப்பாங்க எண்டுதான் நாங்க இருந்தது. கொஞ்ச நாளால கேள்விப்பட்டம், ஒராள்தான் சேர்ந்தவர் எண்டு. பாத திறந்த பிறகு நான் வாறதுக்கு வெளிக்கிட்டனான் தங்கச்சி. உங்கட மச்சான் தரகரிட்ட சொல்லி விட்டவர், வீட்டுப் பக்கம் வரவேணாம், மதினி தாங்கமாட்டா எண்டு. ரெண்டு தரம் சொல்லி விட்டவர்.”

மாட்டுக்காலைக்குள் கன்றொன்று கத்தியது. தாய்ப்பசு மறுபுறத்திலிருந்து பதிலளித்தது. ஹில்மி சுவரில் கையூன்றி நின்றான். அவனைத் தோளிற் தூக்கி வளர்த்தவர் சாலிஹ். அவனுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

“உம்மா, சாச்சா அப்பிடிப்பட்ட ஆள் இல்ல,” என்றான். “பயந்திருப்பார். ஏதும் ஒரு காரணம் இரிக்கும்.”

“இரிக்கும் மகன்.” ஸகியா சீதேவிப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “அக்கா, அவங்க இரிந்த இடத்தக் காட்டுவீங்களா?”

சமையலறையான அக்குசினியின் தரை இப்போது சீமெந்தாக மாறியிருந்தது. ஆயினும் யன்னல் அதே இடத்திலேயே இருந்தது. அதனூடாக வீதி தெரிந்தது. சீதேவிப்பிள்ளை இரண்டு இடங்களைச் சுட்டினார். ஸகியா முதலாவது இடத்தில் அமரவில்லை. இரண்டாவது இடத்தில், சாலிஹ் இருந்த இடத்தில், அமர்ந்தார். அங்கிருந்து வீதியைப் பார்த்தார். வயலும், மின்கம்பங்களும், வெயிலும் தெரிந்தன. அன்று அங்கே வேறெதுவோ தெரிந்திருக்க வேண்டும்.

“சாச்சாக்குப் போன் அடி மகன்,” என்றார்.

ஹில்மி தயங்கினான். “ஊட்ட போய்க் கேப்பமே.”

“ஊட்ட போனா அவர்ர முகத்தப் பாத்து உட்டுடுவன். அடி.”

முதல் மணியிலேயே சாலிஹ் எடுத்தார்.

“போய்ச் சேந்தீங்களா? என்ன செல்றாங்க?”

ஸகியா தொலைபேசியைக் கையில் வாங்கினார். அவருடைய குரல், ஆணத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்கும் அதே குரலாக இருந்தது.

“மச்சான், நான் சீதேவிப்பிள்ளை அக்காட குசினிக்குள்ள இரிக்கன். அண்டைக்கி ஒங்களுக்கு வெச்ச சோறு, கை வைக்காம எழும்பிட்டீங்களாம்.”

சாலிஹ் தொடர்பைத் துண்டிக்கவில்லை. ஒரு மனிதர் மூச்சை உள்ளிழுத்து, வெளிவிட மறந்து, பின்னர் விடுவது மட்டும் கேட்டது.

ஸகியா காத்திருந்தார். காத்திருத்தலில் அவரை வெல்லக்கூடியவர் அந்த மாவட்டத்தில் எவருமிலர்.